நாலடி நாலங்குலம்

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நெய்வேலி டவுன்ஷிப் பதினாறாவது பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்புறத்தில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வாசலில் உட்கார்ந்து, பொற்கொடி ஒரு விரால் மீனைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீனைக் கொண்டுவந்தவர் அவள் அப்பா சாமிக்கண்ணு. இலுப்பங்குப்பத்தில் பஸ் ஏறி, வடலூரில் இறங்கி மாறி, ஈரத்துணியில் சுற்றிய மீனை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். கண்டக்டர் நாற்றம் என்று முகத்தைச் சுளித்தானாம். அதற்கு அவர், நாறினால் மீன், நாறாவிட்டால் கருவாடா என்று கேட்டாராம்.

"இது ஒண்ணுதாம்மா பொழச்சிக் கெடந்துது. சேத்துக்குள்ள பூந்துகினு இருந்துது. வெரால எமன்கூட தோண்டித்தான் எடுக்கணும்" என்றார்.

"சின்னதா இருக்குதேப்பா."

"பெருசயெல்லாம்தான் குழி வெட்டிப் பொதச்சிட்டமே."

அவள் தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

முன்பக்கத்துத் தோட்டத்தில் குவார்ட்டர்ஸ்காரர் போட்டுவிட்டுப் போன ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. குரோட்டன்ஸ் செடிகளின் காலடி நிறைந்து, நடைபாதை நனைந்து, தெருவுக்கு வந்துவிட்டது. சாமிக்கண்ணு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"வூட்டுக்காரரு கோச்சிக்குவாருப்பா."

"செடி குடிச்சி முடிச்சி ஒரு நாழி ஆவுது. இனிமே குடிக்கச் சொன்னா அதுக்கே வயிறு வலிக்கும்."

குழம்பு கொதிக்கிற நேரத்தில்தான் வந்த காரியத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் சித்தேரி மதகடியில் கூட்டம். ஏரித் தண்ணீரைப் பார்க்கிற இன்ஜினியர் சக்கரபாணி வருகிறார். ஆராய்ச்சி மேடம் மலர்விழி வருகிறார். மேலூர் விவசாயிகள் சங்கத் தலைவர் சடையப்பன் ஆட்களோடு வருகிறார். செத்த மீனுக்கு யார் பொறுப்பு, இனிமேல் சித்தேரிக்குத் தண்ணீர் முறை உண்டா இல்லையா என்று அன்றைக்கு முடிவாகிவிடும்.

"நீ வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்துரு."

"ரெண்டு வூட்டுல சமைக்கணுமேப்பா."

"நீ வராம எப்பிடி? ஒன் நோட்டுதான் நமக்கு சாட்சி. நான் அந்த மேடத்த நிக்க வச்சிக் கேக்கப் போறன். எம் பொண்ணு தெனம் எழுதி அனுப்பிகினு இருந்தாளே, மூணடிக்குக் கீழ போயிட்டுதுன்னு தெரிஞ்சும் என்னாத்துக்கு வாய மூடிகினு இருந்தீங்கன்னு."

"அப்பிடியெல்லாம் கேக்காதப்பா. நல்ல மேடம் அது."

"நல்லவங்களத்தான் கேக்க முடியும். கெட்டவங்கள கேட்டு என்னா ஆவப்போவுது?" என்றவர், சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "நீ எனக்கு போன்ல நாலடின்னு சொன்னப்ப நாலடிதான் இருந்திருக்கும். அப்பறமா எறங்கியிருக்கும். எறங்கறப்ப எழுதனதான?"

பொற்கொடி கரண்டியால் குழம்பைக் கிண்டினாள்.

"ம்" என்றாள்.

அப்பா சோற்றைப் பிசைந்து, பேத்தி வெண்மதிக்கு முள் எடுத்து ஊட்டிவிட்டு, நடுத்துண்டத்தை மகள் தட்டில் தள்ளிவைத்தார். அவளால் அதைத் தின்ன முடியவில்லை. தின்னாமலும் இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் ஓடை வழியாக முதலில் மேலூர்ப் பெரியேரிக்கு வரும். அங்கே ஒரு ஷட்டர். அதைத் திறந்தால்தான் கீழே இலுப்பங்குப்பத்துச் சித்தேரிக்கு. பெரியேரித் தண்ணீரில் மேலூர்க்காரர்கள் நெல் போட்டார்கள். இலுப்பங்குப்பத்தில் காணி நிலம் உள்ளவன் கிடையாது. இருபது குடும்பம் சங்கம் வைத்து, ஏரியில் மீன்குஞ்சு விட்டு, வலை போட்டுப் பிழைத்தது. ஐப்பசியில் குஞ்சு விடுவார்கள். தண்ணீர் இறங்குமோ என்று பயந்துகொண்டு மாசியிலேயே, அரைக்கிலோ தேறாத மீனைப் பிடித்து விற்றுவிடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து மலர்விழி வந்தார். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றால் எவ்வளவு மீன் தாங்கும், மிச்சத்தில் எவ்வளவு வயலுக்கு விடலாம், கரையில் நிற்கும் கருவேல மரத்தை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வெட்டலாம் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிற ஆராய்ச்சி. அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினதைப் பார்த்துதான் ஊர் அவரை நம்பியது. மாசியில் பிடிக்காதீர்கள், ஆடிவரை விடுங்கள், ஒன்றரைக் கிலோ வரும், நாட்டு மீனும் சினை விட்டுப் பெருகும் என்றார் அவர். தண்ணீர் இறங்கினால் என்று கேட்டார் சாமிக்கண்ணு. அதற்குத்தான் மதகடியில் அளவுக் கம்பம் நட்டார்கள். தினமும் காலையில் ஒருத்தர் இறங்கி அளவு பார்த்து அனுப்ப வேண்டும். மூன்றடிக்குக் கீழே போனால் மேடம் இன்ஜினியருக்குச் சொல்வார், இன்ஜினியர் இரண்டு நாள் ஷட்டரைத் திறக்கச் சொல்வார். சடையப்பனும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கேட்டால் திறக்க வேண்டும். கேட்காவிட்டால் அவர் ஏன் திறக்கிறார்?

கம்பம் பார்க்கிற வேலைக்குப் பன்னிரண்டாவது படித்த பொற்கொடியைப் போட்டார்கள். இரண்டு வருஷம் அவள் அதை ஒரு விரதம்போலச் செய்தாள். இடுப்புத் தண்ணீரில் நின்று, அலை அடங்குகிறவரை மூச்சைப் பிடித்து, கோட்டைப் பார்த்து எழுதுவாள். நோட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புவாள். மார்கழிக் குளிரில் பல் கிட்டிக்கொண்டு நின்றதும் உண்டு.

போன தை மாதம் அவள் புருஷன் சுதாகருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் காண்ட்ராக்டில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போட்டார்கள். வெண்மதிக்கு டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடம் கிடைத்தது. குடிவந்தார்கள். முதலில் ஐந்தே முக்கால் நேர் பஸ்ஸைப் பிடித்து மதகு நிறுத்தத்தில் இறங்குவாள். மதகு ஊரிலிருந்து ஒரு மைல். வீட்டுப்பக்கம் போகாமல், அளவு பார்த்துவிட்டு எதிர் பஸ்ஸில் திரும்பிவிடுவாள். பிறகு இரண்டு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. ஏழு மணிக்கு இட்லி கேட்கிற வீடுகள்.

பங்குனியில் ஒருநாள் பஸ் தப்பிவிட்டது. நேற்று நாலடி நாலங்குலம். இன்றைக்கு மட்டும் என்ன ஆகியிருக்கும்? சுரங்கத் தண்ணீருக்குக் கோடை ஏது, மழை ஏது, அது என்றைக்கும் ஒரே மட்டம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். நாலடி நாலங்குலம் என்று எழுதி அனுப்பினாள். மேடத்திடமிருந்து வழக்கம்போலக் கட்டைவிரல் படம் வந்தது. மறுநாளும் போகவில்லை. ஒரே அளவு எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒருநாள் ஓர் அங்குலம் குறைத்தாள், இரண்டு நாள் கழித்து அரை அங்குலம் கூட்டினாள். அரை அங்குலம்! பொய்க்கு நகை போட்டு, பூ வைத்து அனுப்பியிருக்கிறாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது ஐம்பத்து மூன்று நாள் ஓடியது.

அந்த நாட்களில் ஏரிப்பக்கம் ஊர்க்காரர்கள் யாரும் இல்லை. வலை போடக்கூடாது என்று ஆனபிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உலை கொதிக்குமா? இருபது குடும்பமும் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போய்விட்டது. காட்டுக்குள்ளேயே ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கி, முந்திரிப் பால் பட்டு விரல் தோல் உரிய வேலை செய்தார்கள். அங்கிருந்து ஒருநாள் சாமிக்கண்ணு போன் செய்தார்.

"ஏரி எப்பிடிம்மா இருக்குது?"

அப்போது அவள் சமையல் வேலைக்குப் போன வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குதுப்பா. நாலடி நிக்குது."

"அப்பாடி. நீ இருக்கறப்ப எங்களுக்கு என்னா கவல."

மேலூரில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டி, ஷட்டரை இறக்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஓடையில் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டிருந்தது. வைகாசி நடுவில் முந்திரி முடிந்து ஊர் திரும்பியபோது, ஏரிக்கு அரை மைல் இருக்கும்போதே நாற்றம் அடித்ததாம். கட்லாவும் ரோகுவும் வயிறு வெளுத்து, கணுக்கால் தண்ணீரில் வாழைமட்டையாகக் கிடந்தன. ஒன்றரைக் கிலோ வரும் என்று மேடம் சொன்னது பொய்யில்லை. செத்த மீன் ஒவ்வொன்றும் அந்த எடைக்கு இருந்தது. மூன்று குழி வெட்டினார்கள். சேதி கேட்டு பொற்கொடியும் ஓடினாள். அன்புக்கரசி என்கிற சங்கத்துப் பெண் வாயில் துணி கட்டிக்கொண்டு மீனை வாரிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும், "எழுதி அனுப்பியும் கேக்கலையே பாவிங்க, நீயும் என்னாதான் பண்ணுவ" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கைநாற்றம் பொற்கொடியின் ஜாக்கெட்டில் ஒட்டியது. இரண்டு தரம் துவைத்தும் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சுதாகர் ஷிப்ட் முடிந்து வந்து, காதுமடல் வரை படிந்த கரித்தூளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்.

"ஏங்க, நாளைக்கு நான் போவல."

"போவலன்னாத்தான் சந்தேகம் வரும். போ. கேட்டா போன் ரிப்பேர் ஆயிட்டுது, அப்ப எடுத்தது எல்லாம் அழிஞ்சிட்டுதுன்னு சொல்லு."

"அந்த மேடத்துகிட்ட எல்லாம் இருக்குதுங்க. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றீங்க."

"அப்ப அந்த மேடத்துகிட்டயே சொல்லிடு. கூட்டத்துல ஒங்கப்பா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டன்னா ஒனக்கு நல்லது."

சொல்லத்தான் போன் செய்தாள். மலர்விழி இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க பொற்கொடி. நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரெண்டு மாசமா வெளியூர்ல மாட்டிக்கிட்டேன், ஏரிப்பக்கமே வர முடியல. மழைக்கு அப்புறம் தண்ணி சாம்பிள் மட்டும் ஆள விட்டு எடுத்தோம். ஊர்க்காரங்க ஏரி வத்திடுச்சின்னு மனு குடுத்திருக்காங்களாமே? உங்க நோட்டுல அப்படி இல்லையே."

"மேடம்…"

"நான் உங்க நோட்டத்தான் நம்புறேன். நான் பாக்கற மூணு ஏரியில உங்க ரீடிங்தான் சுத்தம். ஒரு நாள்கூட விடல நீங்க. நாலடி தண்ணி இருந்தும் மீன் செத்திருக்குன்னா வேற ஏதோ காரணம் இருக்கு. யாராவது மருந்து கலந்தாங்களான்னு பார்க்கணும். நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். நாளைக்கு வரன்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு தன் கன்னத்தில் தானே ஓர் அறை விட்டுக்கொண்டாள். வெண்மதி வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, கொசுவாம்மா என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதகடியில் சங்கத்துக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டு கோடைமழையும், நடவு முடிந்து மேலூர் திறந்துவிட்ட தண்ணீருமாக ஏரி முக்கால்வாசி ஏறிக் கிடந்தது. பார்க்கிறவனுக்கு இங்கே ஒரு குறையும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும். சடையப்பன் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். இலுப்பங்குப்பத்து ஆட்கள், நாற்காலி காலியாக இருந்தும், பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

டீயும் வடையும் வந்து, இன்ஜினியர் மனுவைப் படித்து முடித்ததும் சாமிக்கண்ணு எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, எங்களுக்கு மேலூர்க்காரங்கமேல கோவம் இல்லீங்க. அவுங்க பயிரு, அவுங்க கட்னாங்க. நான் மேடத்தத்தான் கேக்கறன். மீன ஆடி வரைக்கும் புடிக்காதன்னு சொன்னீங்க. கேட்டம். புள்ளகுட்டிய இழுத்துகினு முந்திரிக்காட்டுல போயிக் கெடந்தம். தண்ணி எறங்கனா நாங்க பாத்துக்கறம்னு சொன்னீங்க. எம் பொண்ணு தெனம் பஸ் ஏறி வந்து, எறங்கிப் பாத்து, எழுதி அனுப்பனாளே. அத நீங்க பாத்தீங்களா, பாக்கலியா? பாத்தும் சும்மா இருந்தீங்கன்னா, அது எந்த ஊரு நாயம்?"

கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கேளு கேளு என்றாள் அன்புக்கரசி. பொற்கொடி தூண் மறைவில் நின்றாள். அப்பாவின் குரலில் இருந்த பெருமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நின்றிருப்பாள்.

மலர்விழிக்கு முகம் சிவந்துவிட்டது. கோபப்படவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"ஐயா, ஒரு நாள் விடாம பாத்தேன். நானே படிக்கிறேன், கேளுங்க. பங்குனி இருபது, நாலடி நாலங்குலம். இருபத்தொண்ணு, நாலடி மூணு. சித்திரை ஒண்ணு, நாலடி மூணரை. சித்திரை பதினைஞ்சு, நாலடி நாலு. வைகாசி ரெண்டு, நாலடி மூணு. மூணடிக்குக் கீழ ஒரு நாள்கூடப் போகல. போயிருந்தா அன்னிக்கே நான் இன்ஜினியர் சாருக்குப் பேசியிருப்பேன்."

சடையப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கேட்டுக்கய்யா. ஒங்க ஊட்டுப் பொண்ணே எழுதன நோட்டு. நாலடித் தண்ணிய வச்சிகினு வத்திப்போச்சின்னு மனு குடுத்திருக்கீங்க."

சாமிக்கண்ணு வாயைத் திறந்தபடியே நின்றார். மேடத்தைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, தூணோரம் நின்ற மகளைப் பார்த்தார். பார்த்தது ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. பொற்கொடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"அது வந்துங்க…" என்றார் சாமிக்கண்ணு. குரல் வேறாக இருந்தது. "கம்பம் எறங்கிப் போயிருக்கும்ங்க. முந்திரிக்குப் போறதுக்கு முன்னாடி நான்தான் தெப்பத்த அதுல கட்டிவச்சன். காத்துக்கு இழுத்து இழுத்து சேத்துல எறங்கியிருக்கும். கம்பம் எறங்கனா தண்ணி ஏறனாப்பல காட்டும். பாப்பா பாத்தத எழுதியிருக்கா. அது மேல தப்பில்ல. தப்பு எம்மேல."

நாற்பது வருஷமாக வலையைத் தொட்டவர். கம்பத்தில் தெப்பம் கட்டக்கூடாது என்று சங்கத்துக்கே சட்டம் போட்டவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அப்ப ஒங்க ஆளே அரசாங்கக் கம்பத்தக் கெடுத்துட்டு எங்களச் சந்திக்கு இழுத்தீங்களா?" என்று சடையப்பன் எழுந்துவிட்டார். "சார், எழுதிக்குங்க. இவுங்களுக்கு ஏரிக் குத்தகையே ரத்து பண்ணணும்."

இன்ஜினியர் பேனாவை எடுத்தார். "பெரியவரே, சொன்னத நல்லா யோசிச்சி சொல்லுங்க. நான் எழுதினா குத்தகைக்கே கேடு வரும். நீங்கதான கட்டினீங்க?"

"ஆமாங்க. நான்தான்."

அப்பா தலையை ஆட்டுவதைப் பொற்கொடி பார்த்தாள். அவரைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி விலகியதையும் பார்த்தாள். என்னா மாமா இப்பிடிப் பண்ணிட்ட என்று யாரோ கேட்டார்கள்.

"அப்பா கட்டலீங்க" என்றாள் பொற்கொடி.

யாருக்கும் கேட்கவில்லை. தூணை விட்டு வெளியே வந்தாள். இன்னொரு முறை, கத்தியே சொன்னாள்.

"அப்பா கட்டலீங்க. கம்பம் சரியாத்தான் இருக்குது. நான்தான் வரல. அம்பத்தி மூணு நாளு நெய்வேலியில வூட்டுல ஒக்காந்துகினு மனசுக்குத் தோணனத எழுதி அனுப்பனன். ஒரு நாள்கூட எறங்கிப் பாக்கல. மேடத்துமேல தப்பில்ல. மேலூர்க்காரங்கமேலயும் தப்பில்ல. எங்க ஆளுங்க மீன நான்தான் சாவடிச்சன்."

மலர்விழி கையிலிருந்த தாள்களை அடுக்கினார், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். "நேத்து போன்ல கேட்டேனே பொற்கொடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்புக்கரசி எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பொற்கொடி நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. "ஒன்னக் கட்டிகினு அழுதனடி" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையை விட்டு இறங்கிப் போனாள்.

இன்ஜினியர் பேனாவை மூடினார். எழுதின அளவில் எது மெய், எது பொய் என்று இனி யாரும் பிரிக்க முடியாது. ஆகவே தண்ணீர் முறை இந்த வருஷம் கிடையாது. இன்றிலிருந்து ஒரு வருஷம் புதிதாக அளக்க வேண்டும். குத்தகையில் கைவைக்க மாட்டேன் என்றார். அதுவே பெரிய மனசு. சடையப்பன்கூட அதற்குமேல் பேசவில்லை. போகும்போது சாமிக்கண்ணுவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பகைவனின் இரக்கம்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

வேறு ஆள் போடலாமா என்று மேடம் கேட்டார். ஊரில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் சங்கத்தில் ஒருவர் சொன்னார்.

"அவளே எழுதட்டும். கூட ஒரு ஆளு நின்னு பாக்கட்டும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும்."

யார் நிற்பது? காலைநேரம் எல்லோருக்கும் வேலை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் நிக்கறன்" என்றார் சாமிக்கண்ணு.

மறுநாள் ஐந்தே முக்கால் பஸ்ஸில் பொற்கொடி மதகு நிறுத்தத்தில் இறங்கினாள். சமையல் வீடுகளில் ஒன்றை விட்டுவிட்டாள். மற்றொன்றில் எட்டு மணிக்கு வருகிறேன் என்று கெஞ்சி வாங்கியிருந்தாள். அப்பா அவளுக்கு முன்பே வந்து கரையில் நின்றார். ராத்திரி சாப்பிட்டியாப்பா என்று கேட்டாள். ம் என்றார்.

தண்ணீரில் இறங்கினாள். அலை அடங்குகிறவரை நின்றாள். கோட்டைப் பார்த்தாள்.

"மூணடி ஒம்பது அங்குலம்ப்பா."

முன்பெல்லாம் கரையிலிருந்தே சரி என்பார். அவருக்கு எழுத்து தெரியாது, கைநாட்டுதான், ஆனால் எண்ணத் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கம்பத்தின் அருகே குனிந்து, அடியிலிருந்து ஒவ்வொரு அங்குலக் கோடாக, கை எட்டாததைக் கால்விரலாலும் எட்டியதைக் கைவிரலாலும் தடவி வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி அடியிலிருந்து தொடங்கினார். வாயைத் திறந்து உதவ முடியாமல், நோட்டைப் பிடித்தபடி பொற்கொடி பக்கத்தில் நின்றாள். நாற்பத்தைந்து என்று முடித்து நிமிர்ந்தார்.

"செரியாத்தான் இருக்குது. எழுதிக்கோ" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.